முதல் கவளம் யாருடையது?

காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பும் எட்டாம் வகுப்புச் சிறுமி, மாலை வீடு திரும்பும்வரை ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பதில்லை. தாகம் எடுக்காமல் இல்லை. குடித்தால் ஒதுங்க வேண்டும். ஒதுங்கப் பள்ளியில் நாதியில்லை. நீர்க்கடுப்பும் மலச்சிக்கலும் தலைவலியும் இப்படித்தான் சேர்கின்றன. வீட்டில் கேட்டால் "சரியா சாப்பிடறதில்ல, அதான்" என்பார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2025 முதல் 'வாட்டர் பெல்' அடிக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லாத பள்ளியில் எத்தனை முறை மணி அடித்தாலும் அவள் பாட்டிலின் மூடியைத் திறக்கப் போவதில்லை.

தாழ்ப்பாள் போடுவது யார் பொறுப்பு? காகிதத்தில் தேடினால் உள்ளாட்சி, பொறியாளர், பள்ளி மேலாண்மைக் குழு என்று பலர் வருவார்கள். பள்ளிக்குள் நின்று தேடினால் ஒருவர்தான் அகப்படுவார்: எச்.எம். எனப்படும் தலைமையாசிரியர். நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும். பல்லையும் கண்ணையும் பார்த்து, எடையைக் குறித்துக்கொண்டு போகும். மீதி நாளெல்லாம் பிள்ளைகளின் உடம்பு தலைமையாசிரியர் கையில். பல பள்ளிகளில் ஆசிரியர்களுக்கென்று ஒரு கழிவறை பூட்டியே இருக்கும். அந்தப் பூட்டை எடுத்துவிட்டு, பிள்ளைகள் போகும் கழிவறைக்கே தாமும் போவது என்று ஒரு தலைமையாசிரியர் முடிவெடுத்தால், ஒரே வாரத்தில் அங்கே தண்ணீர் வந்துவிடும். இதற்கு அரசாணை தேவையில்லை.

கழிவறை பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கொண்டு கழிவறையைக் கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியர்கள் கைதான செய்திகள் இந்த மாநிலத்திலேயே வந்திருக்கின்றன. அதே பள்ளியில் கைகழுவும் நாள் கொண்டாடி, உறுதிமொழி எடுத்து, புகைப்படம் அனுப்பியும் இருப்பார்கள். அந்தப் பிள்ளை அன்று கற்றுக்கொண்ட சுகாதாரம் என்ன?

சோற்றுக்கு வருவோம். 2013 ஜூலை 16 அன்று பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது ஆய்வில் தெரிந்தது. எண்ணெய் சரியில்லை என்று சமையல்காரப் பெண் சொன்னதாகவும், தலைமையாசிரியை அதைக் காதில் வாங்காமல் சமைக்கச் சொன்னதாகவும் அப்போது செய்திகள் வந்தன. 2016-இல் நீதிமன்றம் அவருக்கு 17 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. கீழே வேலை பார்ப்பவள் சொன்ன ஒரு சொல்லுக்கு மதிப்புக் கொடுத்திருந்தால் போதும்.

சமைத்ததைப் பரிமாறுவதற்கு முன், ஓர் ஆசிரியர் உட்பட இரண்டு மூன்று பெரியவர்கள் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதற்குப் பதிவேடும் உண்டு. சில பதிவேடுகளைப் புரட்டினால் மாதம் முழுவதற்குமான கையெழுத்துகள் ஒரே பேனாவில், ஒரே மையில், ஒரே சாய்வில் வரிசையாக நிற்கும்; மாதக் கடைசியில் ஒரே மூச்சில் போட்டது. மதிய உணவைக் காமராஜர் 1956-இல் தொடங்கி வைத்தது, எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவாக விரித்தது, 2022-இல் காலை உணவும் சேர்ந்தது எல்லாம் உண்மை. அத்தனை பெரிய ஏற்பாடும் கடைசியில் ஒரு தட்டில் வந்து நிற்கிறது. எச்.எம். வரிசையில் நின்று அதே சாம்பாரை ஊற்றிச் சாப்பிடும் பள்ளியில் பருப்பு எப்படியோ கெட்டியாகிவிடுகிறது. பள்ளியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். ஒருத்திக்குக் குமட்டினால் மறுவாரம் பாதி மாத்திரைகள் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் கிடக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுப்பதும், தாமும் ஒன்றை அவர்கள் முன்னால் விழுங்கிக் காட்டுவதும் பெரிய வித்தையல்ல.

பொறுப்பு வாசலோடு முடிவதில்லை. பள்ளிக்கு 100 கஜ தூரத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களை வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்பது 2020-ஆம் ஆண்டு விதி. இவற்றை விற்கும் பெட்டிக்கடைக்காரர் ஊர்க்காரர், எச்.எம். வெளியூர்க்காரர். எச்.எம். தயங்குவது புரிகிறது. புகார் கொடுக்க வேண்டியவரும் அவர்தான்.

உடற்பயிற்சிக்கான பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வது எல்லாருக்கும் தெரியும். கடன் ஒருநாளும் திரும்பி வராது. இதில் எச்.எம்மை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆய்வுக் கூட்டத்தில் அவரிடம் தேர்ச்சி விழுக்காட்டைத்தான் கேட்கிறார்கள். கண்ணாடி தேவைப்பட்ட எத்தனை பிள்ளைகளுக்குக் கண்ணாடி வந்தது என்று கேட்பாரில்லை. கரும்பலகை மங்கலாகத் தெரிவதால் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதுகிறவள் மக்கு என்று பெயர் வாங்குகிறாள். அவளை முன்வரிசைக்கு மாற்றி, கண் பரிசோதனைப் பட்டியலில் பெயர் சேர்த்து, கண்ணாடி வந்தபின் அதைப் போடுகிறாளா என்று பார்ப்பதும் தேர்ச்சி விழுக்காட்டுக்கான வேலைதான்.

நல்ல எச்.எம். ஒருவர் மாறுதலாகிப் போனதும் பள்ளி பழையபடி ஆகிவிடுவதைப் பல ஊர்களில் பார்க்கலாம். எல்லாவற்றையும் தம் தோளிலேயே சுமந்தவர்களுக்கு நேர்வது இது. கல்வி உரிமைச் சட்டப்படி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்கள். அவர்களைக் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடாமல், முறைவைத்துச் சமையற்கூடத்துக்குள் வந்து மூட்டையை அவிழ்த்துப் பாருங்கள், சாப்பிட்டுப் பாருங்கள் என்று பழக்கிவிட்டுப் போனால், அடுத்து வருகிறவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும் அரிசியில் வண்டு இருந்தால் கேட்க அங்கே ஆள் இருக்கும்.