பல்லிக்கு என்ன பலன்?

பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலனுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். தலையில் விழுந்தால் ஒன்று, தோளில் விழுந்தால் வேறொன்று, ஆணுக்கு ஒரு பலன், பெண்ணுக்கு ஒரு பலன். சுவரில் அது கத்தினால் எந்தத் திசை என்று பார்ப்போம். தோஷம் என்று பயம் வந்துவிட்டால் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய்த் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுவிட்டு வருவோம். இத்தனை சாத்திரத்திலும், விழுந்த பல்லிக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

ஆகவே பச்சை இகுவானா என்ற அயல்நாட்டுப் பல்லியை வளர்க்கும் ஒரு பிள்ளை, "இதுக்கு எந்த இலை கொடுக்கலாம், எந்தப் பூ ஆகாது?" என்று கேட்டால் அந்தக் கேள்விக்கு நான் மதிப்புக் கொடுப்பேன். பல்லி இனத்தைப் பார்த்து 'உன்னால் எனக்கு என்ன?' என்று மட்டுமே கேட்டுவந்த நாட்டில், 'என்னால் உனக்கு என்ன?' என்று ஒருவர் கேட்கிறார். பகுத்தறிவு இந்த இடத்தில் தொடங்கலாம்.

எந்த இலை ஆகும், எந்தப் பூ ஆகாது என்ற கேள்விக்குப் புனிதத்தால் பதில் சொல்ல முடியாது என்பதைச் சிதம்பரத்துக்காரர்களைவிட நன்றாக யாரும் உணர முடியாது. ஊருக்குத் தில்லை என்று பெயர் தந்ததும் தில்லை மரம், நடராசர் கோயிலின் தல விருட்சமும் அதுதான். அதைக் காண இன்று பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போகவேண்டும். அந்த மரத்தின் பால் கண்ணில் பட்டால் கொஞ்ச காலத்துக்குப் பார்வையே போகும், தோலில் பட்டால் கொப்புளம் எழும். சிவனுக்கு உகந்தவை என்று சாத்துகிற எருக்கு, ஊமத்தை, அரளி மூன்றுமே நஞ்சு. அரளியிலும் எருக்கம்பாலிலும் இருப்பது இதயத் துடிப்பைக் குலைக்கும் வேதிப்பொருள்; ஊமத்தையில் இருப்பது நரம்பைத் தாக்குவது. சாமிக்குச் சாத்திய மாலையை மறுநாள் கூண்டுக்குள் போட்டால் அது கொலையாக முடியலாம்.

செம்பருத்தியையும் அம்மனுக்குச் சூட்டுகிறோம். அதன் இலையும் பூவும் இகுவானாவுக்கு நல்ல தீனி. அந்த நன்மை அம்மனிடமிருந்து வந்ததல்ல, செடியிலேயே இருக்கிறது.

'கீரை என்றாலே சத்து' என்பதையும் இங்கே சோதிக்க வேண்டியிருக்கிறது. இகுவானா இலைதின்னி. அதன் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் இலையை நொதிக்கவைத்துத்தான் அதற்குச் சத்துக் கிடைக்கிறது. உணவில் பாஸ்பரஸைப்போல இரண்டு மடங்கு சுண்ணாம்புச்சத்து வேண்டும். முருங்கைக்கீரையில் சுண்ணாம்பு ஏராளம். பாலக்கிலும் தண்டுக்கீரையிலும் ஆக்சலேட் மிகுதி. அது சுண்ணாம்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. ஆசையாகத் தின்கிறதே என்று நாள்தோறும் வாழைப்பழம் கொடுப்பவர்கள் சுண்ணாம்பைவிடப் பாஸ்பரஸையே கூடுதலாகக் கொடுக்கிறார்கள். பப்பாளி, அத்தி, பண்ருட்டிப் பலாச்சுளை எதுவானாலும் தீனியில் பத்தில் ஒரு பங்குக்குமேல் பழம் வேண்டாம். பரங்கிக்காயைத் துருவிக் கொடுக்கலாம். முட்டையும் இறைச்சியும் கொடுத்தால் சீக்கிரம் வளரும் என்பது தவறான நம்பிக்கை. நாளடைவில் சிறுநீரகம் கெடும். அவகாடோவைக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. கடைப்பூவில் பூச்சிமருந்து இருக்கும், அதுவும் ஆகாது. கண்ணாடித் தொட்டியை ஜன்னலோரம் வைத்துவிட்டு வெயில் படுகிறது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். எலும்புக்குத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். கடலூர் வெயிலுக்கு நடுவே இருந்தும் அந்தப் பிராணியின் எலும்பு வளைந்துபோகும்.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு, கேள்வியை அங்கேயே நிறுத்துவது நேர்மையல்ல. இந்த உயிர் இங்கே ஏன் இருக்கிறது? மெக்சிகோவிலிருந்து பிரேசில்வரை உள்ள காடுகளின் பிராணி இது. ஐந்தடிக்கு வளரும், பதினைந்து ஆண்டுக்கு மேலும் வாழும். பாங்காக்கிலிருந்து வருகிற பெட்டிகளில் அடைபட்ட ஊர்வன சென்னை விமான நிலையத்தில் பிடிபடுவது வாடிக்கையான செய்தி ஆகிவிட்டது. 2022இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 2024இல் வந்த விதிகளும், இத்தகைய அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும் என்கின்றன. வளர்க்க முடியாமல் வெளியே விட்டவற்றால் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இகுவானா பெருந்தொல்லையாகிவிட்டது.

அயல்நாட்டுப் பல்லி இருக்கட்டும், நம் வேலியில் இருக்கிற ஓணானுக்கு நாம் செய்வது என்ன? ஈர்க்குச்சியில் சுருக்குப் போட்டுப் பிடித்து, வாயில் மூக்குப்பொடி திணித்து ஆட்டம் பார்ப்பது. ராமர் தாகத்தில் தவித்தபோது அணில் இளநீர் தந்தது, ஓணான் மூத்திரம் தந்தது என்றொரு கதையைச் சொல்லிப் ஓணானை அடிக்கப் பிள்ளைகளுக்குக் கல்லை எடுத்துக் கொடுப்பவர்கள் பெரியவர்கள்தான். அரணை கடித்தால் மரணம் என்கிறோம். அரணைக்கு விஷமே கிடையாது. உடும்பு, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அப்படியும் கறிக்கும் எண்ணெய்க்கும் அதைப் பிடிக்கிறார்கள். இவற்றைவிட வெட்கப்படவேண்டிய ஒன்று உண்டு. 'ஹத்தா ஜோடி' என்ற பெயரில், வீட்டில் செல்வம் பெருக்கும் அபூர்வ வேர் என்று விற்றுவந்த பொருள், ஆண் உடும்பின் அறுத்துக் காயவைத்த இனவுறுப்பு என்று 2017இல் அம்பலமானது. வேர் என்று நம்பிப் பூசையறையில் வைத்தவர்களில் படித்தவர்கள் எத்தனை பேர்!

கடலூர் மாவட்டத்து மண்ணில், சிதம்பரத்தை அடுத்த மருதூரில், 1823இல் வள்ளலார் பிறந்தார். 1867இல் வடலூரில் பசித்தோருக்குச் சோறிடும் தருமசாலையைத் தொடங்கினார். அதன் அடுப்பு இன்றும் எரிகிறது. சீவகாருண்யம் என்று அவர் சொன்னது உயிரின் பசியைப் போக்குவதை. நாம் அதற்கு எல்லை கட்டிவிட்டோம்: பசுவுக்கு அகத்திக்கீரை, காக்கைக்குச் சோறு, புண்ணியக் கணக்கில் இடம் இல்லாத உயிருக்குக் கல். காசு கொடுத்து வாங்கிய பல்லிக்குச் செம்பருத்தி பறிப்பதும், காசில்லாமல் வேலியில் திரியும் பல்லியை அடித்துக் கொல்வதும் ஒரே வீட்டில் நடந்தால், அந்த வீட்டில் இருப்பது கருணை அல்ல, உடைமைப் பற்று.

ஆகவே, இகுவானாவைக் கையில் வைத்திருப்பவர்களே, முருங்கையும் செம்பருத்தியும் கொடுங்கள், வெயில் காட்டுங்கள், பதிவு செய்யுங்கள். வளர்க்க முடியவில்லை என்று பிச்சாவரத்திலோ ஏரிக்கரையிலோ விட்டுவிடாதீர்கள், வனத்துறையிடம் சொல்லுங்கள். வாங்க நினைப்பவர்கள் வாங்காதீர்கள். பிள்ளையின் கையில் சுருக்கைக் கண்டால் பிடுங்கி எறியுங்கள். ஓணான் பூச்சி தின்று வாழ்கிறது. அதற்கு நம்மிடமிருந்து தீனி எதுவும் வேண்டாம்.