மாணவர் ஒழுக்கமும் மேலிடத்தார் கடமையும்

நல்லொழுக்கத்தை ஆணையிட்டு வளர்த்தல் கூடுமா என்னும் வினா மிகப் பழையது. ஆசிரியப் பயிற்சிப் பணியிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த நம் உள்ளத்தில், அமெரிக்கப் பள்ளிகளில் நடைபெற்றுவரும் ஒரு முயற்சி இவ்வினாவை மீண்டும் எழுப்பியுள்ளது.

அந்நாட்டில் 'பள்ளி மாவட்டம்' என்பது நம் வருவாய் மாவட்டம் போன்றதன்று. பள்ளிகளை நடத்துதற்கென்றே, பெரும்பாலும் மக்கள் தேர்ந்தெடுத்த குழுவையும் கண்காணிப்பாளர் ஒருவரையும் கொண்டு இயங்கும் தனியமைப்பு அது. பிழை செய்த மாணவனைச் சில நாட்கள் பள்ளிக்கு வரவொட்டாது இடைநீக்கம் செய்வது அங்கே நெடுங்கால வழக்கம். அதற்கு மாறாக, நன்னடத்தையை முன்கூட்டியே கற்பித்துத் துணைநிற்கும் முறையொன்று 1997-இல் அந்நாட்டுச் சட்டத்திலேயே இடம்பெற்றது. அதனைப் பரப்புதற்கென 1998-இல் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு நடுவம் அமைந்தது.

முறை எளியது. நடைவழியில் எவ்வாறு செல்வது, உணவுக்கூடத்தில் எவ்வாறு வரிசையில் நிற்பது என்பவற்றை வாய்பாடு போலச் சொல்லித்தந்து, செய்தும் காட்டுகின்றனர். அது போதாத சிறாரைச் சிறு குழுவாகவும், மிகச் சிலரைத் தனித்தனியாகவும் கவனிக்கின்றனர். எந்த இடத்தில், எந்த நேரத்தில் பூசல் மிகுகின்றது என்றும் குறித்துவைக்கின்றனர். நண்பகலில் உணவுக்கூடத்திலேயே சண்டை மிகுமாயின், பிள்ளையைக் குறைகூறுமுன் வரிசையின் ஒழுங்கைத் திருத்த வேண்டுமன்றோ? மேரிலாந்து மாநிலத்தில் 37 தொடக்கப்பள்ளிகளில் ஆய்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவின்படி, இம்முறையில் பயிற்சி பெற்ற பள்ளிகளில் இடைநீக்கங்கள் குறைந்தன. நற்செயலுக்குச் சீட்டும் சீட்டுக்குப் பரிசும் தரும் பழக்கம் மட்டும் நமக்கு உவப்பன்று. ஆறு வயதில் அது உதவலாம். பதினான்கு வயதில் பேரமாகிவிடும்.

இனி, மேலிடத்தார் பொறுப்பைக் காண்போம். லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி மாவட்டம் தன் பள்ளிகள் அனைத்தும் இம்முறையைக் கைக்கொள்ள வேண்டுமென 2007-இல் விதித்தது. 'வேண்டுமென்றே கீழ்ப்படியாமை' என்னும் காரணம் காட்டி எவரையும் இடைநீக்கம் செய்யலாகாது என 2013-இல் முடிவு செய்தது. வரையறையற்ற அக்குற்றச்சாட்டு கறுப்பினச் சிறார் மீதே மிகுதியாகச் சுமத்தப்பட்டு வந்தமையால், அம்முடிவு நேரியதே. இடைநீக்கங்களும் வெகுவாகக் குறைந்தன. ஆயினும், தங்களுக்குரிய பயிற்சியும் துணையாளரும் வந்துசேரவில்லை என்றும், வகுப்பை நடத்த இயலவில்லை என்றும் ஆசிரியர் பலர் முறையிட்டனர்.

இங்கேதான் அறத்தின் சிக்கல் உள்ளது. மாணவர் திருந்தினாலும் எண்ணிக்கை குறையும். ஆசிரியர் எழுதுவதை நிறுத்தினாலும் குறையும். அலுவலக மேசையிலிருந்து நோக்குவார்க்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். எண் குறையாவிடில் தலைமையாசிரியர்க்கு இழுக்கு என்று அச்சுறுத்தும் மேலிடம், தண்டனையால் திருத்த முயலும் பழைய வழியையே ஆசிரியரிடத்துக் கையாள்கின்றது. பிள்ளைக்கு முன்கூட்டிக் கற்பிக்க வேண்டுமென்னும் நெறி ஆசிரியர்க்கும் பொருந்தாதோ?

ஒருநாள் கூட்டம் பயிற்சியாகாது என்பதை நாம் பட்டறிந்துள்ளோம். கற்றதை வகுப்பறையில் செய்து பார்க்கையில் அருகிருந்து திருத்தும் ஒருவர் வேண்டும். அவருக்கு ஊதியமும் ஆசிரியர்கள் கூடிப் பேச நேரமும் ஆண்டுதோறும் ஒதுக்கப்பட வேண்டும். தலைமையாசிரியர் மாறிச் சென்றபின் வருபவர் அம்முயற்சியை அவ்விடத்திலிருந்தே தொடருதற்கு வழி செய்ய வேண்டும். இவற்றுள் எதனையும் வகுப்பாசிரியர் தாமே செய்துகொள்ள இயலாது, மாவட்டமே செய்யவல்லது.