மௌனத்துக்குக் கெடு வைக்காதவர்கள்

பேசுவதை நிறுத்திவிட்ட ஒரு குழந்தையை வீட்டார் எத்தனை நாள் பொறுப்பார்கள்? 1969-இல் வெளிவந்த, அமெரிக்க எழுத்தாளர் மாயா ஏஞ்சலோவின் தன்வரலாற்றில் இதற்குக் கசப்பான பதில் இருக்கிறது. செயின்ட் லூயிஸ் நகரில், ஏழெட்டு வயதில், தாயின் காதலனால் வன்கொடுமைக்கு ஆளானாள் சிறுமி மாயா. நீதிமன்றத்தில் சாட்சியும் சொன்னாள். தண்டனை விதிக்கப்பட்டும் வெளியே வந்துவிட்ட அவனை யாரோ அடித்துக் கொன்றார்கள். தன் குரல்தான் அவனைக் கொன்றது என்று அவள் நம்பிவிட்டாள். இன்னும் வாய் திறந்தால் வேறு யாராவது சாகக்கூடும். அண்ணன் பெய்லி ஒருவனிடம் மட்டும் பேசினாள்.

முதல் சில வாரங்கள் உறவினர்கள் அனுசரித்தார்கள். பிறகு, குணமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். அதுவரை நோயாகத் தெரிந்த மௌனம் அன்றுமுதல் திமிராகத் தெரிந்தது. அடித்தார்கள். உடம்பு தேறியதும் மனசும் தேறியிருக்க வேண்டும் என்ற இந்தக் கணக்கு நமக்கும் பழக்கமானதுதான். “இன்னுமா அதையே நினைச்சிட்டிருக்கே?” என்று அக்கறையோடுதான் கேட்கிறோம், கேட்கப்பட்டவர் இன்னும் ஒடுங்கிப்போகிறார்.

மற்றவர்களைக் காப்பாற்றத்தான் அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பாசத்துக்குக் கிடைத்தது அடி. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. மனதை மூடிக்கொண்ட ஒருவர் உள்ளே எதைக் காவல் காக்கிறார் என்பது வெளியே நிற்கும் நமக்குத் தெரிவதேயில்லை.

ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஸ்டாம்ப்ஸ் என்ற சிற்றூரில் கடை வைத்திருந்த அப்பாயியிடம் அவளை அனுப்பினார்கள். இளகிய மனசுக்காரி என்று ஊர் அவளை அவள்போக்கில் விட்டது. ஏறக்குறைய ஓராண்டு கழித்து, பெர்த்தா ஃபிளவர்ஸ் என்ற பெண்மணி அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். உன்னை யாரும் பேசவைக்கப் போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவளுக்கென்று செய்த பிஸ்கட்டைக் கொடுத்து, டிக்கன்ஸின் நாவலை வாய்விட்டு வாசித்துக் காட்டினார். புத்தகங்களைக் கொடுத்தனுப்பும்போது, அடுத்தமுறை வருகையில் ஒரு கவிதையைச் சொல்லிக்காட்டச் சொன்னார். கேட்டார், நெருக்கவில்லை. பொறுமை என்ற பெயரில் ஒருவரை அப்படியே கைவிட்டுவிடுவதும் நடக்கிறது, அதை ஃபிளவர்ஸ் செய்யவில்லை.

அந்த மௌனம் ஏறத்தாழ ஐந்தாண்டு நீடித்தது. 1993-இல் அமெரிக்க அதிபர் கிளின்டனின் பதவியேற்பு விழாவில் ஏஞ்சலோ கவிதை வாசித்ததைச் சொல்லித்தான் பலரும் இந்தக் கதையை முடிப்பார்கள், பொறுத்ததற்குக் கிடைத்த கூலிபோல. எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்பாயிக்கு அந்த மேடை தெரியாது. பேச்சு திரும்பிவிடும் என்ற உத்தரவாதமும் அவரிடம் இல்லை. பேசாத பேத்திக்குத்தான் அவர் தலை பின்னிவிட்டார். கடைசிவரை அவள் பேசாமலே இருந்திருந்தாலும் அந்தக் கை ஓய்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.