கேளாத சுரத்துக்கும் கணக்கு உண்டா?



யாரும் பாராத இடத்தில், யாரும் கண்டுபிடிக்க முடியாத ஒரு வேலையை, மனிதன் எவ்வளவு சுத்தமாகச் செய்யக் கடமைப்பட்டிருக்கிறான்? இது வேதசாஸ்திரிகளுக்கு மட்டும் உரிய கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள். அடுப்படியிலும், அலுவலகத்து மேசையிலும், பள்ளிக்கூடத்துப் பலகையிலும் தினந்தோறும் நம்மைத் தேடி வருகிற கேள்வி இது. இதைச் சங்கீதத்திலிருந்து ஓர் உதாரணம் எடுத்து ஆராய்வோம். நம்மில் பெரும்பாலோர் வீட்டில் பியானோ கிடையாது. ஆனால் கோயிலில் ஆர்மோனியமும் கீபோர்டும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகையால் விஷயம் விளங்குவது கடினமல்ல.

ரஷ்ய நாட்டில் செர்கே ராக்மானினோவ் என்றொரு சங்கீத மேதை இருந்தார் (1873–1943). 1897-ல் அவருடைய முதல் சிம்பொனி அரங்கேறிப் படுதோல்வி அடைந்தது. மனம் ஒடிந்தவர், அதன்பின் சில வருடங்கள் பெரிய படைப்பு எதையும் எழுத முடியாமல் தவித்தார். 1900-ல் நிக்கோலாய் டால் என்ற மருத்துவர் அவருக்குச் சிகிச்சை அளித்துத் தேற்றினார். அதன் பிறகு பிறந்ததுதான் அவருடைய இரண்டாவது பியானோ கன்செர்ட்டோ. கன்செர்ட்டோ என்றால், ஒரு பெரிய இசைக்குழுவோடு ஒரே ஒரு வாத்தியக்காரர் முன்னின்று வாசிக்கும் படைப்பு. மூன்று பாகங்களில் பின்னிரண்டும் முதலில் அரங்கேறின. முதல் பாகம் கடைசியாகத்தான் முடிந்தது. 1901-ல் மாஸ்கோவில் முழுவதையும் ராக்மானினோவே வாசித்தார். அதை அந்த மருத்துவருக்கே காணிக்கையாக்கினார்.

அந்த முதல் பாகம் சுமார் பத்து நிமிடம் ஓடும். பியானோ மட்டும் தனியே, தூரத்துக் கோயில் மணி போல் மெதுவாகத் தொடங்கி, ஒவ்வோர் அடிக்கும் சத்தம் வளர்ந்து, கடைசியில் மணிக்கூண்டின் கீழேயே நிற்பதுபோல் முழங்கும். ராக்மானினோவ் சிறுவயதில் நோவ்கரோது நகரத்துக் கோயில் மணிகளைக் கேட்டு வளர்ந்தவர். அந்த நாதம் அவருடைய சங்கீதத்தை விட்டு என்றும் நீங்கவில்லை.

இதன்பின் வருவதுதான் நமக்கு முக்கியம். மணியோசை முடிந்ததும் பிரதான இராகத்தைப் பியானோ வாசிக்கும் என்று எதிர்பார்ப்போம். அப்படியில்லை. வயலின்களும், அவற்றோடு சேர்ந்த வாத்தியங்களும் அதை எடுத்துக்கொள்கின்றன. பியானோக்காரரோ அடியில் அலை அலையாய் ஓடும் சுரங்களை இடைவிடாமல் வாசிக்கிறார். ஆயிரம் பேர் அவரைப் பார்க்கவே வந்திருக்கிறார்கள். அவர் உயிரைக் கொடுத்து வாசிக்கும் சுரங்களில் பலவற்றை அந்த ஆயிரம் பேரில் ஒருவரும் தனித்தனியே கேட்பதில்லை!

இதைக் கற்பது எப்படி? தேர்ந்த ஆசிரியர் முதலில் எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று தாளில் எழுதச் சொல்வார். பிறகு வலக்கை தனி, இடக்கை தனி. இரண்டு தாளக் கட்டம் மட்டும் எடுத்து, எறும்பு ஊர்வதுபோல் வாசிக்க வேண்டும். பிழையில்லாமல் வந்தால் மெட்ரோனோம் என்ற தாளக்கருவியை ஒரு படி ஏற்றலாம். பிழை வந்தால் ஒரு படி இறக்க வேண்டும். பிறகு அடுத்த இரண்டு கட்டம். பிறகு இரண்டையும் இணைக்கும் மூட்டு. அந்த மூட்டில்தான் பெரும்பாலும் விரல் தடுமாறும். இப்படி மாதங்கள் கழிந்தபின் இன்னொரு பியானோவில் ஒருவர் இசைக்குழுவின் பங்கை வாசிக்க, சேர்ந்து பழகுவார்கள். இசைக்குழுவோடு உட்காருவது கடைசியில்தான்.

ஆப்ராம் சேசின்ஸ் என்ற அமெரிக்கப் பியானோ வித்துவான் ஒரு நாள் ராக்மானினோவைக் காணப் போனாராம். உள்ளே அவர் பயிற்சி செய்துகொண்டிருந்தார். கதவுக்கு வெளியே நின்று கேட்டவருக்கு, அது என்ன உருப்படி என்றே வெகுநேரம் தெரியவில்லை. ஷோப்பேன் எழுதிய மிக வேகமான பயிற்சி உருப்படி ஒன்று. அதை அவ்வளவு மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தார், உலகமே மெச்சிய அந்த மனிதர். 2019-ல் நம் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம், பதின்மூன்று வயதில், அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் 'வண்டின் பறத்தல்' என்ற உருப்படியை நிமிடத்துக்கு 325 தட்டு வேகத்தில் வாசித்து முதற்பரிசு வென்றதைப் பலர் கண்டிருப்பீர்கள். நாம் கண்டது வேகம். அந்த வேகம் நின்றதோ நாம் காணாத பயிற்சியின் மேல்.

இதற்குச் சாட்சி தேடி ரஷ்யாவுக்குப் போகவேண்டியதில்லை. நம் மாமல்லபுரத்துப் பாறைகளே போதும். பல்லவர் காலத்தில் வேலை பாதியில் நின்றுபோன பாறைகள் அங்கே பல உண்டு. அருகில் சென்று பாருங்கள்: சிற்பிகள் பாறை முகத்தில் நெடுக்கும் குறுக்குமாகப் பள்ளம் வெட்டிச் சதுரங்களாகப் பிரித்து, நடுவே நின்ற திட்டுகளை ஒவ்வொன்றாய் உடைத்தெடுத்த தடம் இன்றும் தெரியும். முடிந்த சிற்பத்தில் அந்தத் தடம் மறைந்துவிட்டது. யானையைப் பார்த்து வியக்கிறோம். உடைபட்ட சதுரங்களை நினைப்பதில்லை. 1957-ல் அவ்வூரில் தொடங்கிய அரசினர் சிற்பப் பயிற்சிக்கூடம் இன்று கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. அங்கு சேரும் மாணவனும் உளி பிடிக்கப் பழகிய பிறகே உருவத்துக்கு வருகிறான்.

இனி நம் கேள்விக்கு வருவோம். பியானோவின் அடியில் பெடல் என்ற மிதிகட்டை இருக்கிறது. அதை அழுத்தினால் சுரங்கள் அடங்காமல் ஒன்றோடொன்று கலந்து ஒலிக்கும். அது நல்ல காரியத்துக்காக வைத்தது. ஆனால் சரியாகக் கற்காதவனுக்கு அது போர்வையாகவும் உதவும்! நாலு சுரத்தை விழுங்கிவிட்டுப் பெடலை மிதித்தால் போதும், மேலே வயலின் முழங்குகிறது, யாருக்குத் தெரியும்? யாருக்கு நஷ்டம்? கேட்கிறவர்கள் கை தட்டுகிறார்கள். காசு கொடுத்தவர்கள் திருப்தியோடு வீடு திரும்புகிறார்கள். அப்படியிருக்க, இதில் குற்றம் எங்கே?

முதலில் ஒரு வேற்றுமையைக் கவனியுங்கள். அந்தத் தொடக்க மணியோசைக்கு ஒரு கை பத்து வெள்ளைக் கட்டை அகலத்தை எட்ட வேண்டும். ராக்மானினோவின் கை மிகப் பெரியது. சிறிய கையுள்ளவர்கள் அந்தச் சுரங்களை ஒரே சமயத்தில் அழுத்த முடியாமல், ஒன்றன்பின் ஒன்றாக உருட்டி வாசிக்கிறார்கள். இதில் வஞ்சகம் இல்லை. சர்வேசுரன் கொடுத்த கை அவ்வளவுதான்; ஒரு தாலந்து பெற்றவனிடம் ஐந்து தாலந்தின் லாபத்தை எஜமான் கேட்பதில்லை. முடியாததை விடுவது வேறு, முடிந்ததைச் செய்யாமல் செய்ததுபோல் காட்டுவது வேறு. முன்னது அளவு, பின்னது பொய்.

இந்தப் பொய்யால் நஷ்டம் உண்டா? உண்டு. ஒரு சுரம் தனியே காதில் விழாமல் போகலாம். ஆனால் எல்லாம் சேர்ந்த நாதத்தில் அதற்கும் பங்கு உண்டு. கோவளத்து மீனவரைக் கேளுங்கள்: தண்ணீருக்கடியில் இருக்கும் வலைக்கண்ணை யாரும் பார்ப்பதில்லை, மீனுக்கு மாத்திரம் அது தெரியும்! அடிச்சுரங்கள் மெலிந்தால் மேலே ஒலிக்கும் இராகமும் கால் இல்லாத நாற்காலிபோல் ஆகிவிடும். கேட்கிறவருக்குக் காரணம் தெரியாது. ஏதோ குறைகிறது என்பது மட்டும் தெரியும்.

இதைவிடப் பெரிய நஷ்டம் வாசிக்கிறவனுக்கே. யாழ் வாசிப்பதாலேயே மனிதன் யாழ் வாசிப்பவன் ஆகிறான், நீதியானதைச் செய்வதாலேயே நீதிமான் ஆகிறான் என்று அரிஸ்டாட்டில் போதித்தார். ஆனால் அவர் அங்கே நின்றுவிடவில்லை. நல்ல வாத்தியக்காரனை உண்டாக்குவதும் வாசிப்புத்தான், கெட்ட வாத்தியக்காரனை உண்டாக்குவதும் வாசிப்புத்தான் என்று எச்சரித்தார். திரும்பத் திரும்பச் செய்வதில் தன்னளவில் புண்ணியம் இல்லை. பிழையோடு நூறு தடவை வாசித்தவன் நூறு தடவை பிழையைக் கற்றிருக்கிறான். அர்ச். தோமாஸ் அக்வினாஸ் இன்னும் நுட்பமாகச் சொல்கிறார்: நம்மிடம் ஏற்கனவே உள்ள நல்ல பழக்கத்தின் வலிமைக்குக் குறைவான, தளர்ந்த செயல்கள் அப்பழக்கத்தை வளர்ப்பதில்லை, அதைத் தேயச் செய்யவே வழி செய்கின்றன. ஆகவே கடமைக்கு நகர்த்தும் செபமாலையும், மனம் எங்கோ இருக்க ஓதும் மந்திரமும் 'இருந்த இடத்திலேயே' நம்மை விட்டுவைப்பதில்லை. பிள்ளைகளே, பராக்காக வாசித்த ஒரு மணி நேரத்தைவிடக் கவனமாக வாசித்த பத்து நிமிடம் மேலானது என்று உங்கள் பாட்டு வாத்தியார் சொல்வதற்குப் பின்னால் இவ்வளவு பெரிய சாஸ்திரம் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலான காரணம் ஒன்று உண்டு. அந்தரங்கத்தில் பார்க்கிற பிதா நமக்கு இருக்கிறார் என்பது நம் விசுவாசம். சேசுநாதர் சுவாமி தம் வாழ்நாளில் பெரும்பகுதியை நாசரேத்தூரில், எவரும் எழுதிவைக்காத வேலையில் கழித்தார். செங்கல்பட்டு மறைமாவட்டம் 2002-ல் உருவானபோது அதன் தலைமைக் கோயிலாய் அமைந்தது அர்ச். சூசையப்பர் கோயில். அவர் பேசியதாக ஒரு வார்த்தைகூடச் சுவிசேஷத்தில் இல்லை. மரத்தை இழைத்தார், குடும்பத்தைக் காத்தார். இரட்சணியத்தின் பெரிய சங்கீதத்தில் அவர் வாசித்தது அடிச்சுரம்.

"ஏழைகள் பசித்திருக்கையில், இரண்டு தாளக் கட்டத்துக்காக மாதக்கணக்கில் உழைப்பது வீண் அல்லவா?" என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. வீட்டில் தாய் காய்ச்சலில் கிடக்க, மகள் பியானோவை விட்டு எழாமல் இருந்தால், அந்தச் சங்கீதம் எவ்வளவு சுத்தமானாலும் சர்வேசுரனுக்கு ஏற்காது. அந்தஸ்தின் கடமை முதலில்; கலை அதற்குப் பின். அதேபோல், ஒரு சிறு பிழைக்காக இரவெல்லாம் தன்னை வதைத்துக்கொள்வதும் புண்ணியம் அல்ல. அது ஆங்காரத்தின் இன்னொரு முகமாக இருக்கக்கூடும். ஆனால் பசித்தவனுக்குச் சோறு போடும் கையும் இந்தப் பள்ளியில் பயின்ற கையாக இருந்தால்தான், சோற்றில் கல் இருக்கிறதா என்று பார்த்துப் போடும். சிறியதில் பிரமாணிக்கம் கற்றவனே பெரியதைத் தாங்குவான்.

ஆகவே அன்பர்களே, உங்கள் வாழ்க்கையில் வயலின் மேலே முழங்க நீங்கள் அடியில் வாசிக்கும் சுரங்கள் எவை என்று இன்றிரவு ஆத்தும சோதனையில் கேட்டுப்பாருங்கள். ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கும் சகோதரி, எல்லோரும் தூங்கும் நேரத்தில் நோயாளியின் நாடியைப் பாராமலே தாளில் எண்ணை எழுதிவிடலாம். கொத்தனார், பூச்சுக்குள் மறைந்துவிடும் கலவையில் சிமெண்டைக் குறைத்துவிடலாம். கோயில் கீபோர்டுக்காரர், இயந்திரம் தானே அடிக்கும் தாளத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். அங்கெல்லாம் பெடல் காலடியில் தயாராக இருக்கிறது.

வருகிற ஞாயிறு வரை ஒன்று செய்யுங்கள். உங்கள் அன்றாட வேலையில் வழக்கமாக விழுங்கிவிடும் ஒரே ஒரு 'சுரத்தை' எடுத்துக்கொள்ளுங்கள். அதை மெதுவாக, முழுதாக, தினம் ஒரு தடவை செய்யுங்கள். யாரும் கை தட்டமாட்டார்கள். யாருக்கும் சொல்லவும் வேண்டாம். அடுத்த வாரம் அது கொஞ்சம் இலகுவாக வரும். அப்போது இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம்.