கொடுத்தபின் மிஞ்சுவது

சென்னையிலிருந்து கடலோரமாக மாமல்லபுரம் செல்லுகிறவர்கள் இடைவழியில் காணும் கோவளத்தில், கார்மேல் மாதாவின் பெயரால் 1808-ஆம் ஆண்டில் எழுந்த தேவாலயம் ஒன்று இருக்கிறது. அதைக் கட்டுவித்த ஜான் டி மான்ட்டி என்னும் போர்த்துகீசிய வர்த்தகர், சென்னையில் பெரும் நிலபுலன்களுக்கு அதிபதியாக வாழ்ந்து, 1821-இல் வாரிசின்றி மறைந்தபோது, தம் ஐசுவரியத்தை மயிலைத் திருச்சபையின் பொறுப்பில் தர்மத்திற்கென விட்டுச் சென்றார். அந்தத் தர்மத்தின் பயன் இருநூறாண்டு கடந்தும் அற்றுப்போகவில்லை. ஆயினும், தாம் இனி அனுபவிக்க இயலாத செல்வத்தை, வைத்துவிட்டுப் போகப் பிள்ளையும் இல்லாத நிலையில், ஒருவர் தேவனுக்கென்று எழுதிவைப்பது அவருடைய ஈகைக்குச் சான்றாவது போல அவருடைய விசுவாசத்திற்கும் சான்றாகுமா என்னும் வினா, அத்தேவாலயத்தின் முன் நிற்கிற சிந்தனையாளர் எவருக்கும் எழவே செய்யும்.

வேறு சமயங்களிலும் தானம் உயர்ந்ததே. ஆனால் கிறிஸ்து மார்க்கத்தில் இவ்வினாவுக்குத் தனிக் கூர்மை உண்டு. எருசலேம் ஆலயத்தின் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்திருந்த இயேசு, செல்வர்கள் போட்ட பெருந்தொகைகளை விட்டு, ஏழை விதவை இட்ட இரண்டு காசுகளையே பெரிதாக எண்ணினார் என்று சுவிசேஷம் கூறுகிறது. கொடுத்தது எவ்வளவு என்பதன்று அங்கே கணக்கு. கொடுத்தபின் கையில் நின்றது எவ்வளவு என்பதே. களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வனின் உவமையிலும், அவன் பிறர் பொருளைக் கவர்ந்தவனாகச் சொல்லப்படவில்லை. விளைச்சல் அவனுடையதே, உழைப்பும் நேர்மையானதே. நாளைய தினத்தைக் குறித்த நம்பிக்கையைத் தேவனிடமிருந்து எடுத்து நெல்லின்மேல் வைத்ததொன்றே அவன் செய்த குற்றம். ஆகவே, இந்நெறியில் ஈகையென்பது பிறர் துயர் துடைப்பது மட்டுமன்றி, ஈகிறவன் சாய்ந்திருக்கும் தூண்களில் ஒன்றைத் தானே அகற்றிக்கொள்வதும் ஆகிறது.

தமிழ்க் கிறிஸ்தவப் பெண்கள் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்துவைத்து, ஞாயிறுதோறும் ஆலயத்தில் படைக்கும் வழக்கம் இக்கருத்தை எந்தப் பிரசங்கத்தையும்விடத் தெளிவாக விளக்கும். எல்லாரும் உண்டு மீந்ததை அவர்கள் கொடுப்பதில்லை. பானையில் இடுமுன்னரே எடுக்கிறார்கள். மின்விசிறியின் இறக்கையில்கூட உபயதாரர் பெயரைப் பொறிக்கிற நம் காலத்தில், பிடி அரிசிக்கு மட்டும் இன்னும் கல்வெட்டு ஏற்படவில்லை என்பது ஆறுதலளிக்கும் செய்தியே.

அரிசியையும் பணத்தையும்விடக் கொடுப்பதற்கு அரியது வேறொன்று உண்டு. செங்கற்பட்டை அடுத்த திருமணியில், சென்னை அரசாங்கம் 1924-இல் லேடி வில்லிங்டன் பெயரால் குஷ்டரோகிகளுக்கென ஒரு விடுதியை ஏற்படுத்தியது. மிஷனரி வைத்தியர் ஒருவரின் மகனாகச் சீனாவில் பிறந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் 1935-இல் அங்கே தலைமை வைத்தியராக வந்தார். நீரடிமுத்து எண்ணெயை ஊசிமூலம் செலுத்துவதைத் தவிர வேறு சிகிச்சை அநேகமாக இல்லாத காலம் அது. பெற்ற தாயும் தீண்ட அஞ்சிய நோயாளிகளை அவர் தொட்டுப் பரிசோதித்ததோடு, அவர்கள் தோளில் கைபோட்டு உரையாடவும் செய்தார். அந்நோய் எளிதில் தொற்றுவதன்று என்று அறிந்திருந்த நிபுணருக்கு இதில் என்ன துணிவு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே, ஆனால் அதே நூல்களைக் கற்ற வைத்தியர் பலர் எட்டி நின்றே மருந்தெழுதினார்கள் என்பதையும் உடன் நினைக்க வேண்டும். அறிவு அச்சத்தின் நியாயத்தை நீக்கும். அச்சத்தை நீக்குவதற்கு வேறொரு பற்றுக்கோடு வேண்டியிருக்கிறது. தேவனை நம்புகிறோம் என்று சொல்லி அவர் மருந்தைக் கைவிடவுமில்லை: 1946-ஆம் ஆண்டளவில் டாப்சோன் என்னும் புதிய மருந்தைக் குஷ்டரோகிகளுக்கு முதன்முதலில் கொடுத்துப் பார்த்தவர்களுள் அவரும் ஒருவர்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அவர் வரவழைத்த அறுவை வைத்தியர் பால் பிராண்டு, திருமணிக்கு வந்து பார்த்தபோது, மடங்கிய விரல்களையுடைய நோயாளி ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொல்ல, அப்பிடி வலிக்குமளவு வலுவாக இருக்கக் கண்டார். செத்துவிட்டதாக எல்லாரும் எண்ணியிருந்த கையில் உயிருள்ள தசைகள் இருந்தன. அதிலிருந்தே குஷ்டரோகிகளின் கைகளைச் சீர்செய்யும் சிகிச்சைக்கு வழி பிறந்தது.

இந்தப் பால் பிராண்டின் இளமையிலேயே நம் வினாவின் கடினமான பகுதி இருக்கிறது. கொல்லிமலையில் ஊழியம் செய்த அவருடைய பெற்றோர் ஜெஸ்ஸியும் ஈவ்லினும், 1923-இல் ஒன்பது வயதுப் பாலையும் அவருடைய தங்கையையும் படிப்பிற்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டு மலைக்குத் திரும்பினார்கள். 1929-இல் ஜெஸ்ஸி மலைக்காய்ச்சலின் கொடிய வகையொன்றால் இறந்தார். மகன் தந்தையை மீண்டும் காணவேயில்லை. பெற்றோர் தங்கள் சுகத்தைத் துறந்தது உண்மை. ஆனால் அந்தக் காணிக்கையில் ஒரு சிறுவனின் பங்கும், அவனைக் கேளாமலே, சேர்க்கப்பட்டுவிட்டது. அவன் வளர்ந்து அதே நாட்டுக்கு ஊழியனாக வந்ததைக் காட்டி அச்செயலை நியாயப்படுத்துவார் உண்டு. அது ஒப்பத்தக்கதன்று, மகன் பின்னாளில் மனமுவந்து ஏற்றது அவனுடைய பெருந்தன்மையேயன்றி, பெற்றோரின் உரிமைக்கு ஆதாரமாகாது. தாய் தந்தையருக்குரியதைக் கொர்பான் என்று தேவனுக்கு நேர்ந்துவிட்டதாகச் சொல்லிக் கடமையைத் தட்டிக்கழித்தவர்களை இயேசு கடிந்துகொண்டார். பிள்ளைகளுக்குரியதையும் அந்த நியாயத்தின் கீழ்க் கொண்டுவருவதில் தவறில்லை.

அதே ஈவ்லின் அம்மையார், மிஷன் சங்கம் ஓய்வுபெறச் சொன்ன முதிய பருவத்தில், சங்கத்தின் ஆதரவை விட்டுத் தனியே மலைகளுக்குத் திரும்பி, 1974-இல் தொண்ணூற்றைந்தாம் வயதில் இறக்கும்வரை அம்மக்களோடு வாழ்ந்தார். இம்முறை அவர் பணயம் வைத்தது தம்முடைய வசதியை மாத்திரமே. இரண்டு தியாகங்களுள் உலகம் முன்னதையே பெரிதாகப் பேசக்கூடும். அறத்தின் கண்ணுக்குப் பின்னதே குற்றமற்றது.

இந்த அளவில் வைத்துப் பார்த்தால் கோவளத்துக் கொடையாளரின் தர்மம் நல்லதே. தேவாலயத்தை உயிரோடிருக்கையிலேயே எழுப்பினார் என்பதும் அவர் பக்கம் நிற்கும். இறந்தபின் சென்ற சொத்தை மட்டும் விசுவாசத்தின் கணக்கில் எழுதுவதற்கில்லை. உயில் எழுத வக்கீலை நாடும் கிறிஸ்தவ அன்பர்கள் தாராளமாக எழுதட்டும். அதில் ஒரு பாகத்தையேனும், மனைவி மக்களின் பங்கில் கைவைக்காமல், அதன் குறை தம் சொந்த இலையில் தெரியும்படி, இந்த ஆண்டிலேயே கொடுத்துவிடட்டும்.