செலவைப் பார்க்காதீங்க

எங்கள் ஊர்ப்பக்கம் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு வசனம் தவறாமல் கேட்கும். "செலவைப் பார்க்காதீங்க டாக்டர், ஆக வேண்டியதைப் பாருங்க." தாத்தா கும்பகோணத்தில் படுத்திருந்தபோது பெரிய மாமா இதைச் சொன்னார். சொல்லிவிட்டுப் படியிறங்கி, எதிர்த்த டீக்கடை பெஞ்சில் சின்ன மாமாவோடு உட்கார்ந்து, யாரிடம் எவ்வளவு வட்டிக்கு வாங்கலாம் என்று கணக்குப் போட்டார். மேலே சொன்னதும் பொய் கிடையாது, கீழே போட்ட கணக்கும் பொய் கிடையாது.

அந்த வசனத்தைச் சொல்லும் முறை எனக்கும் வந்தது. நியூ ஜெர்சியில், இரவு இரண்டு மணிக்கு. ஆனால் என் வாயில் வந்தது வேறு: "இந்த ஸ்கேன் எடுத்துத்தான் ஆகணுமா?"

அம்மா என் பிரசவத்துக்கு வந்திருந்தாள். வயது 67. பெட்டியில் பிரசவ லேகியம், சுக்கு, பூண்டு ஊறுகாய், ஆறு மாதத்துக்கான சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும். இன்சூரன்ஸ் மட்டும் இல்லை. விசாரிக்காமல் இல்லை. நல்லதாக ஒன்று எடுக்க ஆறு மாதத்துக்கு ஆயிரத்து இருநூறு டாலர் ஆகும்போல் இருந்தது. வருகிறவர்களுக்கென்று விற்கும் பாலிசிகள், ஏற்கெனவே இருக்கும் நோய் என்றால் பெரும்பாலும் கையை விரித்துவிடும். திடீரென்று முற்றினால் மட்டும் பார்க்கலாம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். மலிவான பாலிசிகளோ இதற்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையை வைத்திருக்கும். பில் எத்தனை ஆனாலும் அதற்கு மேல் தராது. "எனக்கு என்னடி, கல்லாட்டம் இருக்கேன். அந்தக் காசுக்குக் குழந்தைக்கு ஒரு சங்கிலி போடு" என்றாள். நான் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாம். வற்புறுத்தவில்லை, ஏனென்றால் அவள் அப்படிச் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது.

வந்த மறுநாளே அம்மா கொத்தமல்லிக் கட்டின் விலையை ரூபாயில் பெருக்கி நெஞ்சில் கை வைத்தாள். அதன் பிறகு முடிவெட்டு, பஸ் டிக்கெட் என்று எதையும் பெருக்காமல் விட்டதில்லை. டாக்டர் பீஸும் எங்கோ காதில் விழுந்து பெருக்கலாகியிருக்க வேண்டும். ஒரு வாரமாக இரவில் ரசம் சாதம் மட்டும் சாப்பிட்டதையும், கேட்டால் "வாயுடி" என்று சொல்லி ஓமத்தை மென்றதையும் பின்னால்தான் கோத்துப் பார்த்தேன்.

அன்றிரவு தாங்க முடியாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இங்க 108 கிடையாதா?" என்று கேட்டாள். நம் ஊரில் 2008 முதல் 108 காசு வாங்காமல் வருகிறது. இங்கே 911 உண்டு; ஆம்புலன்சுக்குத் தனி பில் வருமே என்று நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு நிமிடம் கூட இருக்காது. காரிலேயே கூட்டிக்கொண்டு போனோம். அந்த ஒரு நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

ஏழு வாரத்துக்கு முன் நான் பிள்ளை பெற்ற அதே ஆஸ்பத்திரி. அப்போது என் பெயர் போட்ட பட்டையை மணிக்கட்டில் கட்டினார்கள். பிரசவச் செலவில் பெரும்பகுதியைக் கம்பெனி இன்சூரன்ஸ் கட்டியது. மொத்தம் எவ்வளவு என்று நான் படித்துக்கூடப் பார்க்கவில்லை. இப்போது அம்மாவின் மணிக்கட்டில் அதே வெள்ளைப் பட்டை. சக்கரம் வைத்த கம்ப்யூட்டரைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்து இன்சூரன்ஸ் கார்டு கேட்டாள். இல்லை என்றதும் முகம் மாறாமல் "செல்ஃப் பே" என்று தட்டினாள். அம்மாவுக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியும். வலிக்கு நடுவே என் பக்கம் திரும்பினாள். "செல்ஃப்னா யாரு? நானா, நீயா?"

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், யாரும் எங்களைத் திருப்பி அனுப்பவில்லை. ரீகன் காலத்தில், 1986-இல், எம்டாலா என்று ஒரு சட்டம் வந்தது. அவசரப் பிரிவுக்கு வந்தவரைப் பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து, அவசர சிகிச்சை தேவைப்படும் நிலை இருந்தால் நிலைப்படுத்த வேண்டும். பிறகு பில் போடக்கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஸ்கேன் எவ்வளவு ஆகும் என்று டாக்டரிடமே கேட்டேன். சின்ன வயசுப் பெண், நல்ல மாதிரி. தனக்குத் தெரியாது என்று உண்மையாகவே வருத்தப்பட்டாள். கும்பகோணத்து டாக்டருக்குத் தன் பீஸ் தெரியும். அதனால்தான் பெரிய மாமாவால் அவரிடம் அந்த வசனத்தைச் சொல்ல முடிந்தது. விலையே தெரியாதவரிடம் செலவைப் பார்க்காதீங்க என்று சொல்லி என்ன பயன்?

பித்தப்பையில் கல். வலிக்கு ஊசி, டிரிப்ஸ், விடிய விடியக் காவல். காலையில், ஆபத்தில்லை, ஆனால் சீக்கிரம் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஒரு ராத்திரிக்கு ஆஸ்பத்திரி போட்டது 14,380 டாலர். அவசரப் பிரிவு டாக்டர்களின் குழு தனியாக 1,865. படத்தைப் பார்த்துச் சொன்ன ரேடியாலஜிஸ்ட், அவர் முகத்தையே நாங்கள் பார்க்கவில்லை, 412.

தெரிந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அதிகம் கேட்டது இது: "பில் அம்மா பேர்லதானே? அவங்க ஊருக்குப் போயிட்டா யாரு வந்து கேக்கப் போறா?" சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. 14,380 என்ற விலையே ஒரு பேரத் தொடக்கம்தான், இன்சூரன்ஸ் கம்பெனிகள் யாரும் அதைக் கட்டுவதில்லை, நாம் மட்டும் ஏன் யோக்கியர்களாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதில் பாதி நியாயம் எனக்கு இன்றைக்கும் படுகிறது. மீதிப் பாதிதான் தூங்கவிடவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு சமூகப் பணியாளர்தான் வழி காட்டினார். லாப நோக்கமற்ற ஆஸ்பத்திரிகள் உதவித் திட்டம் ஒன்றை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்று 2010-இல் வந்த ஒபாமாகேர் சட்டம் சொல்கிறது. முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாள் வரை மனுப் போடலாம். யாருக்கு எவ்வளவு என்பதை ஆஸ்பத்திரியே வகுக்கும். படிவத்தில் வருட வருமானம் என்று ஒரு கட்டம். அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்தை டாலராக வகுத்து எழுதினேன். நான்கு இலக்கம், அதுவும் பரிதாபமான நான்கு இலக்கம். வாழ்நாளில் யாரிடமும் கைநீட்டாதவளை ஒரு கட்டத்துக்குள் ஏழையாக்கிக் கையெழுத்து வாங்கினேன், என்ன காகிதம் என்று சொல்லாமல். பின்னால் அந்தப் பில் 5,900-க்கு இறங்கியது. டாக்டர்களின் தனி பில்லுக்கு அந்தத் திட்டம் பொருந்தவில்லை. எல்லாவற்றையும் மாதாமாதம் கட்டினோம்.

ஆபரேஷன் இங்கே வேண்டாம் என்று முடிவெடுத்தேன். இதை மட்டும் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் உறுத்துகிறது. வழியில், நடுவானத்தில், மறுபடி வலி வந்தால்? டாக்டர் போகலாம் என்றார்தான். ஆனாலும் ஒரு தட்டில் அம்மாவின் வயிற்றையும் இன்னொரு தட்டில் விமான டிக்கெட்டையும் வைத்து நிறுத்தது வேறு யாரோ இல்லை, நான்தான். பன்னிரண்டாம் நாள் ஏற்றிவிட்டேன். திருச்சியில் எழுபதாயிரத்துச் சொச்சம் ரூபாயில் ஆபரேஷன் முடிந்தது.

கிளம்பும் முன் எவ்வளவு ஆச்சு என்று கேட்டாள். ஆயிரத்து இருநூறு என்றேன். ஏன் அந்த எண் வந்தது என்று தெரியவில்லை. அம்மா கொஞ்சம் யோசித்து, "பாத்தியா, இன்சூரன்ஸுக்கும் அதே காசுதான் ஆகியிருக்கும்" என்றாள். எனக்கு நிம்மதி. அவளையும் நிம்மதியாக அனுப்புகிறோம் என்று நினைத்தேன். முப்பது வருஷம் ஒரு சம்பளத்தில் குடும்பத்தை ஓட்டியவளை, வீட்டில் நடந்த மிகப் பெரிய செலவிலிருந்து குழந்தையைப்போல் ஒதுக்கி வைத்திருக்கிறேன் என்று அப்போது தோன்றவில்லை. ஸ்கேன் வேண்டுமா என்று கேட்டதற்கு நான் வெட்கப்பட வேண்டியதில்லை. பெரிய மாமாவின் டீக்கடைக் கணக்கும் அதேதான். ஆனால் மாமா பெஞ்சில் சின்ன மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஒன்று எனக்கு விளங்காமலே இருந்தது. ஆஸ்பத்திரியின் முதல் பில் எனக்கு வரவே இல்லை, நினைவூட்டல்தான் வந்தது. தபாலில் தொலைந்தது என்று விட்டுவிட்டேன். தினமும் பகலில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே போய்த் தபால் எடுத்து வந்தது அம்மா.

இரண்டு வருஷம் கழித்து ஊருக்குப் போனபோது, கேஸ் புத்தகம் தேடி அம்மாவின் கணக்கு நோட்டைப் புரட்டினேன். நீல அட்டை, பால், கேபிள், கோயில் வரி. நடுவில் ஒரு பக்கத்தில் அந்த உறை நாலாக மடிந்து இருந்தது, உறையில் அவள் பெயர். பக்கத்தின் தலைப்பில் "என் பேர்ல" என்று எழுதி, கீழே 14,380. எதையும் ரூபாயில் பெருக்காமல் விடாதவள், இதைப் பெருக்கவில்லை. அதற்குக் கீழே மாதம் தவறாமல் இரண்டாயிரம், இரண்டாயிரம் என்று ஒரு வரிசை. என் மகளுக்கென்று தபால் ஆபீஸில் கட்டிக்கொண்டு வருகிறாளாம்.

"இதென்னம்மா?" என்றேன்.

"கேஸ் புக்கு அதுல இல்ல. ஃப்ரிட்ஜ் மேல பாரு."