யதீமின் சொத்தும் பிறவாத மருந்தும்

இன்னும் பிறக்காத ஒரு மருந்துக்காகப் பொதுமக்களின் பணத்தைக் கொடுக்கலாமா? கொடுத்தால், அந்த மருந்து பிறந்தபின் அதில் மக்களுக்கு என்ன உரிமை? பொருளாதாரக்காரர்களின் விவகாரமாகத் தோன்றினாலும் அடிப்படையில் இது அமானத் பற்றிய கேள்வி. அதனால்தான் விஞ்ஞானம் படிக்காத நானும் இதைப்பற்றி எழுதத் துணிகிறேன்.

மருத்துவத்திலும் உயிரியல் தொழில்நுட்பத்திலும் புதிதாகத் தொடங்கும் சிறு கம்பனிகளுக்கு அரசாங்கங்கள் மானியம் கொடுப்பது இன்று உலக வழக்கமாகிவிட்டது. 2012இல் இந்திய அரசு இதற்கென்றே தனி நிறுவனம் அமைத்து, ஒரு யோசனையைப் பரீட்சித்துப் பார்க்க ஐம்பது இலட்சம் இந்திய ரூபாய் வரை வழங்கும் திட்டத்தை நடத்தி வருகிறது. இந்த நிலையிலுள்ள கம்பனிக்கு வங்கி கடன் கொடுக்காது. அடகு வைக்க அதனிடம் காணியோ கட்டடமோ இல்லை. ஒரு யோசனையும் சில ஆய்வுகூடக் குறிப்புகளும்தான் உண்டு. மனிதரில் பரிசோதிக்கும் கட்டத்தை எட்டிய மருந்துகளிலேயே ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான் அனுமதி பெறுகிறது. அதற்கும் முந்திய கட்டத்தில் பணம் போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு விதைப்பது போன்றது.

இது நமக்கு எட்டாத தூரத்து விஷயமென்று கண்டி மாவட்டத்தார் சொல்லிவிட முடியாது. அப்படி விதைத்ததன் விளைச்சலை நம்மில் பலர் புயத்தில் ஏற்றிக்கொண்டவர்கள். 2021 ஜூலையில் அமெரிக்கா அன்பளிப்பாக அனுப்பிய பதினைந்து இலட்சம் மொடர்னா தடுப்பூசிகள் இலங்கைக்கு வந்தபோது, அவை கண்டி மாவட்டத்தில் ஏற்றப்பட்டன. அந்தக் கம்பனி தொடங்கியது 2010இல். 2013இல், சந்தையில் ஒரு மருந்தும் இல்லாதிருந்த காலத்தில், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி முகவரகம் அதற்கு 25 மில்லியன் டொலர் வரை மானியம் ஒதுக்கியது. 2020இல் கொரோனாத் தடுப்பூசியை உருவாக்க அரசாங்கம் அளித்த உறுதி 955 மில்லியன் டொலர் வரை உயர்ந்தது. 2021ஆம் ஆண்டில் கம்பனியின் நிகர இலாபம் 12 பில்லியன் டொலரைத் தாண்டியது. விதைத்தது மக்களின் வரி. களஞ்சியம் நிறைந்ததோ பங்குதாரர்களுக்கு. நமக்கு வந்தது அன்பளிப்பு. அன்பளிப்புக்கு நன்றி சொல்லலாம். உரிமை கேட்க முடியாது.

இதில் நியாயம் எது என்று பார்க்க நம்மிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. ஆட்சியாளனுக்கும் குடிமக்களுக்கும் உள்ள உறவு, பொறுப்பாளனுக்கும் யதீமுக்கும் உள்ள உறவைப் போன்றது என்பது இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களின் கருத்து. ஆட்சியாளனின் எந்தச் செய்கையும் குடிமக்களின் நலனோடு கட்டுண்டது என்ற சட்ட விதி இதை ஒட்டியே விளக்கப்படுகிறது. யதீமின் சொத்தைப் பொறுப்பாளன் யாருக்கும் ஹிபாவாகக் கொடுக்க முடியாது. எவ்வளவு நல்ல மனிதருக்கானாலும், எவ்வளவு நல்ல காரியத்துக்கானாலும், அது அவனுடைய பணமல்ல. மானியம் என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஹிபா. அப்படியானால் மருந்துக் கம்பனிக்கு அரசு மானியம் ஆகாது என்று முடித்துவிடலாமா?

அவ்வளவு இலகுவாக முடியாது. யதீமின் பணத்தைச் சும்மா வைத்திருந்தால் ஸகாத்தே அதைத் தின்று தீர்த்துவிடும், அதனால் வியாபாரத்தில் ஈடுபடுத்துங்கள் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்களைத் தொட்டும் ஓர் அறிவிப்பு உண்டு. பூட்டி வைப்பதும் ஒருவகை நட்டம்தான். பேராசிரியர் சேனக்க பிபிலேயை இங்கு நினைக்க வேண்டும். இலங்கையின் முதலாவது மருந்தியல் பேராசிரியர். பேராதனை மருத்துவ பீடத்தைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவர். 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானபோது அதன் முதல் தலைவரும் அவரே. வர்த்தகப் பெயர்களுக்குப் பதிலாக மருந்தின் பொதுப்பெயரில், உலக அளவில் கேள்விப்பத்திரம் கோரி, மொத்தமாக வாங்கும் வழியை அவர் காட்டினார். யதீமின் சொத்தைக் களவு போகாமல் காத்த பொறுப்பாளன் அவர். ஆனால் எவ்வளவு சிக்கனமாக வாங்கினாலும் வாங்குவதற்கு டொலர் வேண்டும். 2022 மார்ச் மாத இறுதியில், அவர் கற்பித்த அதே பேராதனையின் போதனா வைத்தியசாலையில், மருந்துத் தட்டுப்பாட்டால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. வாங்க மட்டுமே தெரிந்த நாட்டுக்குக் கையில் காசில்லாத நாளில் நேர்வது இதுதான். பனடோலுக்கே வழியில்லாத நாட்டில் ஆராய்ச்சிக்கு மானியம் எதற்கென்று கேட்போருக்கு, அன்றைய நிகழ்வையே பதிலாகச் சொல்வேன்.

எனவே பொறுப்பாளன் வியாபாரம் செய்யலாம், செய்யவும் வேண்டும். நேர்மையாகவும் கவனமாகவும் செய்த வியாபாரம் நட்டமானால் அவன் குற்றவாளியல்லன். பத்து மானியத்தில் ஒன்பது தோற்றதென்று கணக்காய்வாளர் கோபிக்கத் தேவையில்லை. இந்த வழி போகாது என்று முறையாக நிரூபிக்கப்பட்டால் அதுவும் ஒரு அறிவுதான். குற்றமாவது கவனயீனம். அதற்கும் நம் அயலிலேயே உதாரணம் உண்டு. 2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் தயாரித்த கொரோனாப் பாணியை வாங்க ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். பரிசோதனை முடியுமுன்பே அரசியல்வாதிகள் அதைப் பகிரங்கமாக அருந்திக் காட்டினார்கள். அடுத்த மாதம் அவர்களுள் ஒருவரான சுகாதார அமைச்சருக்கே தொற்று ஏற்பட்டது. ஆரம்பநிலை மானியத்தின் உண்மையான பயன் இங்கே விளங்குகிறது. 'உன் மருந்தை நம்புகிறேன்' என்று அரசு சொல்லக்கூடாது. 'பரிசோதிக்கப் பணம் தருகிறேன், முடிவை ஒளிக்காமல் சொல்' என்றே சொல்ல வேண்டும்.

இனி இலாபத்துக்கு வருவோம். முழாரபாவில் முதலீட்டாளன் பணத்தையும் மற்றவன் உழைப்பையும் போடுகிறான். நட்டம் வந்தால் பணம் போனவன் முதலீட்டாளன்; இலாபம் வந்தால் இருவரும் பேசிய விகிதத்தில் பங்கிடுகிறார்கள். நட்டம் முழுவதும் எனக்கு, இலாபம் முழுவதும் உனக்கு என்ற வியாபாரத்துக்கு நமது பிக்ஹில் இடமில்லை. மருந்து வந்தால் நோயாளிக்கு நன்மைதானே, தொழிலும் வரியும் பெருகுமே, அதுதான் மக்களின் பங்கு என்று சொல்வார்கள். அதில் உண்மையும் உண்டு. ஆனால் நோயாளியால் வாங்க முடியாத விலையில் வரும் மருந்து அவருக்கு நன்மையாகாது. கம்பனியை வெளிநாட்டவர் வாங்கிவிட்டால் தொழிலும் வரியும் அவர்களோடு போய்விடும்.

நிபந்தனை போட்டால் எந்த விஞ்ஞானியும் வரமாட்டார் என்பது அடுத்த பயமுறுத்தல். 1993இல் ஐதராபாத்தில் தொடங்கிய சாந்தா பயோடெக்னிக்ஸின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஈரல் அழற்சி பி நோய்க்கு உள்நாட்டிலேயே தடுப்பூசி செய்ய முனைந்த வரபிரசாத் ரெட்டிக்கு வங்கிகள் கைகொடுக்கவில்லை. முதலில் முன்வந்தவர் ஓமான் வெளிநாட்டமைச்சர் யூசுப் பின் அலவி. அவர் கொடுத்தது தானமல்ல, பங்கு முதலீடு. 1997இல் தடுப்பூசி வெளிவந்தபோது இறக்குமதி ஊசியின் விலையில் ஒரு சிறு பகுதிக்கே அது கிடைத்தது. 2009இல் கம்பனி பிரெஞ்சு நிறுவனமொன்றின் கைக்குப் போனது வேறு கதை. முதலீட்டாளனுக்குப் பங்கிருந்ததால் முயற்சி செத்துவிடவில்லை என்பதே இங்கு பாடம். பெருமளவு பொதுப்பணத்தில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் கண்ட கொரோனாத் தடுப்பூசியும் தொற்றுக்காலத்தில் இலாபமின்றி விற்கப்படும் என்ற உடன்பாட்டோடுதான் கம்பனியிடம் கொடுக்கப்பட்டது. 2021 ஜனவரியில் இந்தியாவிலிருந்து இலங்கைக்கு முதலாவதாக வந்த ஐந்து இலட்சம் ஊசிகள் அந்த வகையே.

ஆகவே நம் நாட்டுத் திறைசேரி ஒரு ரூபா மானியம் கொடுத்தாலும், வெற்றி பெற்றால் அது திரும்ப வரவேண்டும். அரச வைத்தியசாலைகளுக்குப் பேசிய விலையில் மருந்து வரவேண்டும். தோல்வியானாலும் முடிவு வெளியிடப்பட வேண்டும். குறித்த காலத்தில் செய்யாவிட்டால் உரிமை பிறருக்குப் போகவேண்டும். இவை ஒப்பந்தத்தில் இருந்தால் அது யதீமின் சொத்தைக் கொண்டு செய்யும் நேர்மையான வியாபாரம். இல்லாவிட்டால் பொறுப்பாளனின் ஊதாரித்தனம்.

நம் சமூகத்துக்கும் ஒரு சொல் உண்டு. 2020இல் பயோன்டெக் தடுப்பூசியைக் கண்ட உகுர் ஷாஹினும் ஒஸ்லெம் துரெஜியும் துருக்கிய வம்சாவளியினர் என்றதும் நம்மவர்கள் பூரித்துப் போனார்கள். அவர்களது ஆரம்ப ஆய்வுக்கு விதைப்பணம் கொடுத்தது ஜேர்மனிய அரசின் மானியத் திட்டம். வரி ஜேர்மனியருடையது, பெருமை மட்டும் நம்முடையதா? கெய்ரோவில் 13ஆம் நூற்றாண்டில் கலாவூன் சுல்தான் கட்டிய வைத்தியசாலை வக்பு சொத்தில் இயங்கியது. இப்னு சீனாவின் பெயரை மேடைதோறும் சொல்லும் நாம், பேராதனையில் படிக்கும் ஒரு பிள்ளையின் ஆய்வுக்கு வக்பிலிருந்து ஒரு பங்கை ஒதுக்கலாமா என்று யோசித்திருக்கிறோமா? மருந்து தேடுவது பர்ளு கிபாயா. யாரும் செய்யாவிட்டால் பாவம் எல்லோர் மீதும்தான்.

2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி நூற்றுக்குப் பதினெட்டு. ஹந்தானைச் சரிவில் கொழுந்து பறிக்கும் பெண் கடையில் வாங்கும் சவர்க்காரக் கட்டியிலும் அந்த வரி இருக்கிறது. திறைசேரி எந்தக் கம்பனிக்கு எவ்வளவு கொடுத்தாலும் அதில் அவளுடைய காசும் உண்டு. ஒப்பந்தம் எழுதும் மேசையில் அவள் உட்காரப் போவதில்லை. அதனால்தான் அவள் யதீம். அவளுக்காக அங்கே உட்கார்ந்திருப்பவர் பொறுப்பாளர். அவளுடைய பங்கு எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று கையொப்பமிடுமுன் அவர் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.